மூன்று நாள் கலங்கிய பை

பணி அனுபவம் எழுதுவதென்றால் ரிட்டையர் ஆனவர்கள்தான் எழுதுவார்கள். எனக்குச் சர்வீஸ் நாலு வருஷம். ஆனால் இந்த மாதம் எங்கள் யூனிட்டில் மூன்று பேர் புதிதாகச் சேர்கிறார்கள். மூன்று பேரும் என்னைப் போலவே படபடவென்று பேசுகிறவர்கள், டக்கென்று பிடித்துக்கொள்கிறவர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்களுக்காக இதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். மெஷின் இல்லாமல் வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று டயாலிசிஸுக்கு நோயாளிகளைப் பழக்கிவிடுவது என் வேலை. பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வோம்.

1. மடவை மீனின் வயிறு

நான் தனியாக டிரெய்னிங் கொடுக்கத் தொடங்கிய முதல் நாள். அதற்கு முன் ஆறு மாதம் சீனியர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. டாக்டர் வார்டு வாசலில் என்னை நிறுத்தி, "பாம்பன் பக்கத்துலருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. எழுதப் படிக்கத் தெரியாது. நீயே பாத்துக்க. ஆனா பொறுமையாச் சொல்லு" என்றார். பொறுமைக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும்.

அந்த அம்மாதான் மாரியக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். தென்கடலில் பாசி எடுப்பவர். சின்னப் படகில், அவர்கள் ஊரில் வத்தை என்பார்கள், பெண்கள் சேர்ந்து தீவுப் பக்கம் போவார்கள். கண்ணில் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, முங்கிப் பாறையில் இருக்கும் கடல்பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். சின்ன வயதிலிருந்து அதுதான் அவர் வேலை. இப்போது கிட்னி இரண்டும் நின்றுபோய், வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்று வைத்து, புண் ஆறி வந்திருந்தார். கூட அவர் வீட்டுக்காரர் நம்புராஜன்.

நான் சார்ட்டை விரித்து ஆரம்பித்தேன். "அக்கா, நம்ம வயித்துக்குள்ள குடலு, ஈரல் எல்லாத்தையும் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. வயித்துச் சுவரு உள்பக்கமும் அதே சவ்வுதான் ஒட்டியிருக்கு. பெரிடோனியம்னு பேரு..."

மாரியக்கா சார்ட்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து, "பாப்பா, நீ மடவை மீனு அறுத்திருக்கியா?" என்றார்.

"இல்லக்கா. எங்க வீட்டுல அம்மாதான் அறுப்பாங்க. நான் உத்தரகோசமங்கைப் பக்கம். எங்க அய்யா விவசாயம்."

"அதான் தெரியல. மடவைய வயித்தக் கீறுனா உள்ள கறுப்பா, மெல்லிசா ஒரு தோலு ஒட்டிக்கிட்டு இருக்கும். உரிச்சுப் போட்டுத்தான் கொழம்பு வைப்போம். இல்லன்னா கசக்கும். நீ சொல்றது அதுவா?"

மூன்று வருஷம் காலேஜில் படித்தபோது எனக்கு யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. "அதேதான்க்கா! அதேதான்!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் கறுப்பாவா இருக்கு?"

"உங்களுக்கு உள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும்க்கா."

மாரியக்கா வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீகளா? வெளியதான் கறுப்பாம். உள்ள கண்ணாடியாம்."

"கிட்னிதான் நின்னுச்சு, வாயி நிக்கல" என்றார் நம்புராஜன் அண்ணன்.

பிறகு மிச்சத்தைச் சொன்னேன். அந்தச் சவ்வுக்குள் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. குழாய் வழியாக வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் விட்டு நாலைந்து மணி நேரம் வைத்தால், ரத்தத்தில் இருக்கும் அழுக்கும் அதிகத் தண்ணீரும் சவ்வைத் தாண்டி அதில் இறங்கிவிடும். பிறகு அதை ஒரு பையில் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு முறை. "இனிமே அந்தச் சவ்வுதான்க்கா உங்க கிட்னி. அதுக்குக் கிருமி பட்டுச்சுன்னா போச்சு."

"கடலு ஏத்தமும் வத்தமும் மாதிரி" என்றார் மாரியக்கா. "தண்ணி ஏறும், நிக்கும், வத்தும்."

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

2. தரை தெரியணும்

பத்து நாள் டிரெய்னிங். மாஸ்க், கை கழுவும் முறை, ஃபேனை நிறுத்துவது, சன்னலைச் சாத்துவது, குழாய் முனையைத் தொடாமல் மூடி மாற்றுவது. மாரியக்காவுக்கு எல்லாம் ஒரே தடவையில் வந்தது. மூச்சுப் பிடித்து முங்கிப் பழகிய கை. நடுங்கவே இல்லை.

எட்டாம் நாள் பை பரிசோதனை. வெளியே வடியும் தண்ணீர் வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். கலங்கி இருந்தால் சவ்வில் கிருமி தொற்றிவிட்டது என்று அர்த்தம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அந்தப் பையோடு எங்களிடம் வந்துவிட வேண்டும். கலங்கலா இல்லையா என்று பார்க்க, பையைச் செய்தித்தாள் மேல் வைப்போம். எழுத்து தெரிந்தால் தெளிவு. எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுப்பது இப்படித்தான்.

நானும் செய்தித்தாளை வைத்தேன். மாரியக்கா முகம் சுருங்கியது. "எனக்கு எழுத்து தெரியாதே பாப்பா."

படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கறுப்புக் கோடு தெரிந்தால் போதும் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு மூளையில் ஒன்று மின்னியது. செய்தித்தாளைச் சுருட்டித் தூக்கிப் போட்டேன்.

"அக்கா, பேப்பரை விடுங்க. பாசி எடுக்கப் போறப்ப வத்தையிலருந்து குனிஞ்சு பாத்தா அடியில தரை தெரியும்ல? பாறை, பாசி எல்லாம் தெரியும்ல? பையும் அப்படித் தெரியணும். பைக்கு அந்தப் பக்கம் உங்க விரலு தெரிஞ்சா கடலு தெளிஞ்சிருக்கு. தெரியலன்னா கடலு கலங்கியிருக்கு. அவ்வளவுதான்."

அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? தண்ணியப் பாத்துச் சொல்றதுக்கா எங்களுக்குப் படிச்சுக் குடுக்கணும்?" பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, விரலை அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கடலு கலங்கிருச்சுன்னா நாங்க எறங்க மாட்டோம் பாப்பா. பேசாம வீட்டுல இருந்துருவோம்."

"ஆமாக்கா, அப்படித்தான், அப்படித்தான்" என்றேன்.

கையில் படிவம் இருந்தது. "கலங்கல் பை – நோயாளிக்குப் புரிந்தது" என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே சொன்னேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் கேட்கவில்லை.

அந்தக் கடல் உதாரணத்துக்காக டாக்டர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். "புத்தகத்துல இல்லாதத சொல்லிக் குடுக்குறா பாரு." எனக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை.

3. வத்தையில் ஒரு இடம்

டிஸ்சார்ஜ் அன்றைக்கு மாரியக்கா டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நான் இனிமே கடலுக்குப் போகலாமா சார்?"

"தண்ணில எறங்கக் கூடாதும்மா. குழாய் வெளிய வர்ற எடத்துல கடல்தண்ணி படவே கூடாது."

"எறங்கல சார். வத்தையில சும்மா ஒக்காந்துக்கிர்றேன். அவளுக பாசி கொண்டாந்தா வாங்கிப் போடுவேன். சாக்குல அமுக்குவேன். எங்கன நல்ல பாசி கெடக்குன்னு மேல இருந்தே எனக்குத் தெரியும்."

டாக்டர் யோசித்தார். மெஷின் டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள் ராமநாதபுரத்தில் போய்விடும், மிச்ச நாள் களைப்பில் போய்விடும். பி.டி.யில் அந்தக் கட்டு இல்லை. விடியும்போது தண்ணீர் விட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்தால், கரைக்கு வந்ததும் வடித்துக்கொள்ளலாம். "உக்காரலாம். எறங்குனீங்கன்னு கேள்விப்பட்டா நான் பொல்லாதவன்" என்றார்.

மாரியக்கா பி.டி.க்குச் சம்மதித்ததே இதற்காகத்தான். எனக்கு அது பிறகு புரிந்தது, முதல் வீட்டு விசிட்டில். அந்த ஊரில் பாசி எடுக்கும் பெண்கள் நினைத்த நாளெல்லாம் கடலுக்குப் போவதில்லை. மாசத்தில் இத்தனை நாள்தான் என்று அவர்களாகவே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், பாசி மறுபடி வளரட்டும் என்று. போகாத நாளில் எவ்வளவு ஆசை இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். போகும் நாளில் வத்தையின் முன்பக்கம் மாரியக்காவுக்கு. அவர் கையை நீட்டி, "அங்கன எறங்குங்கடி" என்றால் அங்கேதான் இறங்குவார்கள்.

"முன்ன நான் ஒரு சாக்கு எடுப்பேன்" என்று என்னிடம் சொன்னார். "இப்ப ஏழு பேரு சாக்கும் என் கண்ணுலதான் நெறையுது."

"இவ ஒக்காந்துக்கிட்டு அதிகாரம் பண்றா சிஸ்டர். கிட்னி போனதுலருந்து சூப்பர்வைசர் ஆயிட்டா" என்றாள் பக்கத்து வீட்டு முனீஸ்வரி. அவளும் அதே வத்தைக்காரி.

அவர்கள் வீட்டில் ஒரு அறையைச் சுத்தமாக வைத்து, சன்னல் இடுக்கில் மணல் வராமல் துணி திணித்திருந்தார்கள். பைகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார் நம்புராஜன் அண்ணன். விசிட் நோட்டில் என் கையெழுத்துப் போட்டுவிட்டு மீன்குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தேன். மடவைதான். குழம்பு வைக்கும் முன் மாரியக்கா உள்ளே இருந்த கறுப்புத் தோலை உரித்துக் காட்டியிருந்தார்.

பதினோரு மாதம் அப்படி நன்றாகப் போனது.

4. கச்சான் காற்று

கச்சான் என்பது தென்மேற்குக் காற்று. அது வீசினால் தென்கடல் கலங்கி, சேறு கரைத்த மாதிரி ஆகிவிடும். தரை தெரியாது. பெண்கள் இறங்க மாட்டார்கள். காற்று விழுந்து இரண்டு மூன்று நாளில் தண்ணீர் தானாகத் தெளியும். அதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரம் நல்ல கச்சான். என் மாதாந்திர விசிட் புதன்கிழமை. பஸ் பாலத்தைத் தாண்டும்போதே சன்னலில் மணல் வந்து அறைந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் மாரியக்கா பாயில் சுருண்டு படுத்திருந்தார். வயிற்றைத் தொட்டேன். பலகை மாதிரி இருந்தது. உடம்பு கொதித்தது.

"எப்ப இருந்துக்கா வலிக்குது?"

"திங்கக்கெழமையிலருந்து. லேசாத்தான் இருந்துச்சு. நேத்துலருந்து கூடிப்போச்சு."

"பையைப் பாத்தீங்களா?"

"பாக்காமயா? திங்கக்கெழமை காலையிலயே கலங்கிப் போச்சு பாப்பா. வெரலு தெரியல."

நம்புராஜன் அண்ணன் வாசலில் வைத்திருந்த கடைசிப் பையைத் தூக்கிக் காட்டினார். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

"ஏன்க்கா போன் பண்ணல? ஏன் வரல?"

மாரியக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். வலியிலும் அந்த ஆச்சரியம் அவர் கண்ணில் தெரிந்தது. "நீதான சொன்ன, கடலு மாதிரின்னு? கலங்குனா எறங்காம இருந்துருவோம்னு சொன்னேன், ஆமான்ன. நான் எங்கயும் போகல பாப்பா. வத்தைக்குப் போகல, அடுப்படிக்குக்கூடப் போகல. நாலு வேளை தண்ணியையும் விடாம மாத்துனேன். காத்து விழுந்தா தெளிஞ்சிரும்னு இருந்தேன்."

பயந்து சும்மா இருக்கவில்லை அவர். அலட்சியமும் இல்லை. கடலிடம் கற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார். மூன்று நாள், அசையாமல், அவருக்குத் தெரிந்த மிகச் சரியான வழியில்.

5. டிக்

அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, பையை லேபுக்கு அனுப்பினோம். வயிற்றுத் தண்ணீரிலேயே மருந்து கலந்து விட்டோம். ஐந்து நாள் ஆகியும் பை தெளியவில்லை. காற்று எப்போதோ விழுந்துவிட்டது. கடலும் தெளிந்துவிட்டது என்று முனீஸ்வரி போனில் சொன்னாள். பை மட்டும் தெளியவில்லை. ஆறாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வேறொரு குழாய் வைத்து மெஷினுக்கு மாற்றினார்கள்.

அன்றைக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கையில் டிரெய்னிங் படிவம். "கலங்குனா ஒடனே வரணும்னு சொன்னியா?"

"சொன்னேன் சார்."

சொன்னேன்தான். முதல் நாள், சார்ட்டை வைத்துக்கொண்டு, பத்து விஷயத்தோடு பதினோராவதாக.

"டிக் அடிச்சிருக்க. அப்ப சரி." படிவத்தை மூடினார். "இவங்களுக்கு எத்தனை தடவ சொன்னாலும் இப்படித்தான். நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்ல சார், அவங்க எனக்குத் திருப்பிச் சொன்னாங்க, கலங்குனா பேசாம இருந்துருவோம்னு என் முகத்தப் பாத்துச் சொன்னாங்க, நான்தான் ஆமான்னுட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு பேசும் நான் அன்றைக்குப் பேசவில்லை. அந்த டிக் என்னைக் காப்பாற்றியது. மாரியக்காவைக் காப்பாற்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாய் வைக்கலாமா என்று சர்ஜன் வயிற்றில் துளையிட்டுப் பார்த்தார். வெளியே வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எடமே இல்ல. குடலு ஒண்ணோட ஒண்ணு, சுவரோட எல்லாம் ஒட்டிக்கிருச்சு. இனி பி.டி. நடக்காது."

6. நாலாம் நம்பர் மெஷின்

வாரம் மூன்று நாள் மாரியக்கா முதல் பஸ்ஸில் வருவார். நாலாம் நம்பர் மெஷின். ஏ.சி. குளிருக்கு இரண்டு போர்வை கேட்பார். ரத்தம் குழாயில் சுற்றி வருவதைப் பார்க்க மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எங்க வீட்டுல நான் தண்ணியத்தான் பாத்தேன். இங்க ரத்தத்தப் பாக்கச் சொல்றீக."

குடிக்கும் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். கட்டிலை விட்டு இறங்கும்போது தலை சுற்றும். வத்தைக்குப் போகும் நாளும் மெஷின் நாளும் ஒன்றாகவே விழுந்தன. விழாத நாளில் எழுந்து உட்காரத் தெம்பில்லை.

ஒரு நாள் கழுத்துக் குழாயை மெஷினில் மாட்டி முடித்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். என் பொறுப்பு பி.டி. நோயாளிகள். அங்கே எனக்கு வேலையே இல்லை. இருந்தாலும் அவர் வரும் நாளில் அந்த மெஷினை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னப்பவே நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். டாக்டர்கிட்டயும் நான் சொல்லல."

மாரியக்கா போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார்.

"உள்ள இருந்த கண்ணாடி ஒடைஞ்சு போச்சுல்ல பாப்பா?"

"ஆமாக்கா."

"நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த. எல்லாம் கடலு மாதிரியேதான் இருந்துச்சு. வயித்துக் கடலுக்குக் காத்து கெடையாதுன்னு மட்டும் எனக்குத் தெரியல." பிறகு, "அத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. வேலைய விட்டுத் தூக்கிருவாக" என்றார்.

எட்டு மாதம் வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை நாலாம் நம்பர் கட்டில் காலியாக இருந்தது. பத்து மணிக்கு நம்புராஜன் அண்ணன் போன் செய்தார். "பாப்பா, இன்னைக்கு மாரி வரமாட்டா" என்றார். போனுக்குப் பின்னால் பெண்கள் ஒப்பாரி வைப்பது கேட்டது. இதயம் தாங்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

லீவு போட்டுவிட்டுப் போனேன். பாசி எடுக்கப் போகும் நாள் அது. காற்றே இல்லை. கரையில் நின்று பார்த்தால் தரை தெரிந்தது. வத்தைகள் எல்லாம் மணலில் கிடந்தன, ஒருத்தியும் போகவில்லை. முனீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி எடத்துல நாங்க யாரும் ஒக்கார்றதில்ல சிஸ்டர். தேறி வந்துருவான்னு எட்டு மாசமா காலியாத்தான் வச்சிருந்தோம்" என்றாள். என்னைச் சிஸ்டர் என்று அவள் கூப்பிட்டது அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை.

புதிதாக வரும் மூன்று பேருக்கு

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மாரியக்கா போன மறுநாளே. அவர் அலமாரியிலிருந்து டிரெய்னிங் படிவத்தை எடுத்தார். பிறகு அந்தப் படிவத்தை என் பக்கம் தள்ளி, "என்ன மாத்தணுமோ மாத்து" என்றார்.

டிக் கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நாலு வரி காலியாக விட்டு, மேலே இப்படிப் போட்டிருக்கிறேன்: "பை கலங்கினால் என்ன செய்வீர்கள்? அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதவும்." நீங்கள் அதை நிரப்ப வேண்டும். உதாரணம் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்து அவர் எங்கே போகிறார் என்று கடைசி வரை கூடப் போய்ப் பாருங்கள். அதுவரை "ஆமா" என்று சொல்லாதீர்கள்.

போன வாரம் தொண்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துபாயில் முப்பது வருஷம் கடைக் கணக்கு எழுதியவர். தமிழ், இங்கிலீஷ், அரபி மூன்றும் படிப்பார். செய்தித்தாள் மேல் பையை வைத்ததும் ஒரு செய்தி முழுவதையும் வாசித்தே காட்டினார். ஒரு தப்பு இல்லை.

பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டேன். "பாய், நாளைக்கே பை கலங்கிருச்சு. என்ன செய்வீங்க?"

சிரித்தார். "ஒரு நாளு பாப்பேன்மா. எடுத்த ஒடனே போன் போட்டு உங்களையெல்லாம் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? அல்லாஹ் லேசாக்கிருவான்."

அதை அப்படியே நாலு வரியில் எழுதினேன். பேனாவை மூடி வைத்தேன். பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"பாய், பாம்பன் பக்கத்துல மாரியக்கான்னு ஒருத்தங்க இருந்தாங்க" என்று ஆரம்பித்தேன்.